ஏழாம் எண் வீடும் பதினொரு டிகிரி வாட்டமும்

இதனால் பிளாக்தார்ன் முட்டுச்சந்தின் ஒன்பது வீட்டாருக்கும் அறிவிப்பது யாதெனில்: வருகிற ஜூன் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல், ஏழாம் எண் இல்லத்தின் பின்புறம் நீட்டிக் கட்டப்பட்டுள்ள அறைக்கு, இல்லத்தின் உரிமையாளர் தம் சொந்தக் கைகளாலேயே ஓடு வேயவிருக்கிறார். மண்ணில் சுட்டது, மரபு வழுவாதது, மூலக் கூரையோடு முற்றிலும் இசைவது. சுத்தியல் ஓசை எழும். அதை வெறும் ஓசையாகக் கருதாமல், இப்பகுதியின் கட்டடக் கலை மீண்டும் மூச்சுவிடும் ஒலியாகக் கருதிப் பொறுத்தருள வேண்டும். இங்ஙனம், ரோலண்ட் பிக்கர்டன், தலைவர், குடியிருப்போர் குழு.

இந்த அறிவிப்பு ஒன்பது கதவுகளின் தபால் துவாரங்களிலும் விழுந்தது. ரோலண்டின் கதவிலும் விழுந்தது. குழுவின் தலைவர் குழுவின் உறுப்பினருக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியாது அல்லவா.

என் பெயர் லென். எட்டாம் எண். லெஸ்டருக்குத் தெற்கே ஒரு கூரைச் சாமான் கிடங்கில் இருபத்தாறு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். ஆகவே அறிவிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்கு அதிர்ச்சி வந்துவிட்டது.

அன்றைக்கு ரோலண்ட் டை கட்டிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். முப்பது வருடம் பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர், செங்கல் வாங்கப் போனாலும் பரிசளிப்பு விழாவுக்குப் போகிற மாதிரிதான் போவார்.

"ஆயிரத்து இருநூறு ஓடு வேணும் லென். சின்ன மண் ஓடு. வீட்டு மேல இருக்கிற அதே ஜாதி."

"வாட்டம் எவ்வளவுங்க?"

"பதினொரு டிகிரி."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அந்தச் சின்ன ஓட்டுக்குக் குறைந்தது முப்பத்தைந்து டிகிரி வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். பதினொன்று என்பது கூரையே இல்லை, ஒரு கால் தேய்ந்த மேசை. அதற்குமேல் தூக்கவும் வழியில்லை. மாடிப் படுக்கையறை ஜன்னலின் அடிக்கட்டை குறுக்கே நிற்கிறது, அதற்குக் கீழேதான் கூரை முடிந்தாக வேண்டும். அவ்வளவு தாழ்ந்த வாட்டத்தில் சின்ன ஓட்டை அடுக்கினால் மழைத்தண்ணீர் கீழே இறங்காது. அங்கேயே நின்று சற்று யோசிக்கும். பிறகு உள்ளே வரும்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"நானா இருந்தா, கொஞ்சம் யோசிப்பேன் ரோலண்ட்."

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனிடம் இதைவிடக் கடுமையாகப் பேச முடியாது. என் அக்காளின் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைப் பற்றி அப்பா சொன்னதும் இதே வாக்கியம்தான். மாப்பிள்ளை அந்த ஆண்டு கிறிஸ்துமஸைச் சிறையில் கொண்டாடினார்.

ரோலண்ட் என் தோளைத் தட்டினார். "யோசிச்சாச்சு லென். மூணு மாசமா யோசிச்சாச்சு. அக்கறைக்கு நன்றி."

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. சுற்றிவளைத்துச் சொல்லும் இந்த மொழியின் பேராசிரியரே ரோலண்ட்தான். ஐந்தாம் எண் வீட்டு ட்ரெவர் அவரிடம் படித்தவன். இப்போது நாற்பத்தாறு வயது, தலையில் முடி இல்லை, இன்றும் அவரைச் 'சார்' என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய கணக்கு மதிப்பெண் அட்டையில் ஐந்து வருடம் தொடர்ந்து 'முயற்சி செய்கிறான்' என்று எழுதிக் கையெழுத்திட்டவர் ரோலண்ட். அதைப் படித்த ட்ரெவரின் அப்பா ஐந்து வருடமும் பெல்ட்டைக் கழற்றினார். 'தேறமாட்டான்' என்ற அர்த்தம் அவருக்குப் புரிந்தது. எழுதியவருக்கு, தன்னிடம் திருப்பிச் சொல்லும்போது மட்டும், புரியவில்லை.

அந்த அறை முதலில் ரோலண்டின் வாசிப்பு அறையாகத்தான் திட்டமிடப்பட்டது. கொத்தனார் சுவர் எழுப்பினார், சாய்வுச் சட்டங்களை ஏற்றினார், பிறகு ரோலண்டோடு பேசிப் பேசி அலுத்து ஒருநாள் வராமல் இருந்துவிட்டார். குளிர்காலம் முழுக்க மேலே நீலத் தார்ப்பாய்தான். ஏப்ரலில் ரோலண்டின் மனைவி கில்லியன் நூலகப் படியில் விழுந்து இடுப்பையும் தொடையெலும்பையும் முறித்துக்கொண்டாள். வாசிப்பு அறை அன்றோடு நோயாளி அறையாகிவிட்டது. மாடிக்குப் பதினான்கு படி, அதில் இனி இந்த வருடம் அவள் ஏற முடியாது. ஜூன் இருபதாம் தேதி வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், ஆனால் கீழ்த்தளத்தில் ஈரமில்லாத அறையில் கட்டில் இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் முப்பது மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே ராத்திரிச் சாப்பாட்டை மாலை நாலரைக்கே கொடுத்துவிடுவார்களாம்.

ஆறாம் எண் வீட்டு நோரீன் பஸ் ஓட்டுகிறவள். வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போய்க் கில்லியனைப் பார்த்து வருவாள். "அங்க என்னைக் கொண்டுபோய் விட்டா, திரும்பி வரமாட்டேன் கண்ணு" என்று கில்லியன் அவளிடம் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது நோரீன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்தாள். எங்கள் ஊரில் அது அழுகைக்குச் சமம்.

ஆக, அந்தக் கூரை ஒழுகக் கூடாது.

மூன்றாம் தேதி ஒன்பது மணிக்கு ரோலண்ட் ஏணியில் ஏறினார். பதினோரு நாள் இறங்கவில்லை என்றே சொல்லலாம். என் மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் முழுக் கூரையும் தெரியும். தினமும் பார்த்தேன். தினமும் ஓர் அதிர்ச்சி.

முதல் நாள், ஓட்டுக்கு அடியில் விரிக்கிற விரிப்பு. அது கீழே தொங்கிக் கூரை ஓரத்து மழைநீர்க் குழாய்க்குள் இறங்க வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. ரோலண்ட் அதைக் கத்தரிக்கோலால் சுவரோடு சுவராக, நோட்டுப் புத்தக ஓரம் போல, அழகாக வெட்டிவிட்டார்.

நான்காம் நாள், ஓடு உட்காரும் மெல்லிய மரச்சட்டங்கள், குறுக்கு ரீப்பர்கள். வாட்டம் குறையக் குறைய ஓட்டின் மேல் ஓடு அதிகம் ஏறியிருக்க வேண்டும். ரோலண்ட் வரிசைக் கணக்கு இரட்டைப்படையில் முடிய வேண்டும் என்பதற்காக இடைவெளியை இழுத்துவிட்டிருந்தார். ஒற்றைப்படை அவருக்குப் பிடிக்காது.

ஏழாம் நாள் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டில்கூட ஆணி இல்லை.

பத்தாம் நாள்தான் உச்சம். கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் ஈயத்தகட்டை மடித்துச் சுவருக்குள் செருக வேண்டும். ரோலண்ட் அங்கே ஒரு குழாய் வெள்ளைப் பசையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். குளியல்தொட்டி ஓரத்தில் பூசுகிற பசை. பூசிவிட்டு விரலால் நீவி, விரலைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். நான் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து வேலியோரம் போய், "பசை நல்லா வருது" என்றேன்.

நான் மட்டுமில்லை. மாலையானால் முட்டுச்சந்தே தேநீர்க் கோப்பையோடு வேலியோரம் கூடியது. ட்ரெவர் வேலைபார்ப்பது பேரங்காடியில், ஆனால் கண் இருக்கிறது அல்லவா. வரிசைகள் பல் விழுந்த வாய்போல இளித்துக்கொண்டு நின்றன. அவன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு சார்" என்றான்.

"வித்தியாசம்தான் ட்ரெவர் நோக்கமே" என்றார் மேலிருந்து ரோலண்ட்.

"ரொம்பத் துணிச்சல்" என்றாள் நோரீன்.

"நன்றி."

"நான் இந்த மாதிரி பார்த்ததே இல்ல."

"பார்த்திருக்க முடியாது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நோரீன் என் கையைப் பிடித்தாள். "லென், நீ கூரைக்காரன். சொல்ல மாட்டியா?"

"சொன்னேனே. கொஞ்சம் யோசிப்பேன்னு."

"அவ்வளவு பச்சையாவா சொன்னே?"

"ஆமா."

"அப்புறமும் கேக்கலையா அந்த ஆளு" என்று அவள் அதிர்ந்துபோய் வீட்டுக்குள் போனாள்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் திறப்பு விழா. எல்லாரும் அறைக்குள் வந்து கூரையை உள்ளிருந்தே பார்த்து, தேநீர் அருந்தி, உரை கேட்க வேண்டும். அறைக்குச் சமையலறையிலிருந்து ஒரே வழி. அங்கே ரோலண்ட் ஒரு கதவு வைத்திருந்தார். எங்கோ இடித்த சிற்றாலயத்தின் பாதிரியார் அங்கி மாற்றுகிற அறைக் கதவு. கறுத்த ஓக், மேலே வளைவு, இரும்புப் பூக்கள். கதவை நிலையோடு வாங்கி, அதற்கேற்பச் சுவரைக் கட்டச் சொன்னவர். மற்ற மூன்று பக்கமும் ஜன்னல்கள். ட்ரெவர் ஒரு பக்கமாகத் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்து, சாண்ட்விச் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நுழைந்தான்.

உள்ளே கில்லியனின் கட்டில் தயாராக விரித்திருந்தது. அதில் நீலப் போர்வை. மேசையில் தேநீர்க் கெட்டிலில் சாய்த்து வைத்த போனில் கில்லியன், மருத்துவமனைத் தலையணையில் சாய்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோலண்ட் காகிதத்தை விரித்தார். "நண்பர்களே. ஒரு கூரை என்பது வெறும் கூரை அல்ல..."

அப்போது தூறல் ஆரம்பித்தது. புயல் இல்லை, இடி இல்லை. நாயை நடத்திக்கொண்டு போகிறவர் தொப்பி போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவு தூறல்.

முதல் சொட்டு ட்ரெவரின் கோப்பையில் விழுந்தது. ட்ரெவர் கோப்பையைப் பார்த்தான். கூரையைப் பார்க்கவில்லை, அது மரியாதை இல்லை. பிறகு குடித்தான்.

இரண்டாவது, கேக்கின் நடுவில். நோரீன் தட்டை அரையடி நகர்த்தினாள். மூன்றாவதும் கேக்குக்கே வந்தது. அவள் மறுபடி நகர்த்தினாள். ரோலண்ட் கைவினைஞர்களின் வரலாற்றில் பதினேழாம் நூற்றாண்டில் இருந்தார். வெள்ளைப் பசை பூசிய இடத்திலிருந்து சுவரில் ஒரு கோடு மெதுவாக இறங்கியது. நான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன். என் சட்டை முதுகு நனைந்தது. இப்போது சொட்டுகள் ஓட்டுக்கு ஓடு போட்டி போட ஆரம்பித்திருந்தன. நோரீன் கவனமாகக் கேட்கிற முகத்தை மாற்றாமல் கைப்பையைத் திறந்து, மடக்குக் குடையை எடுத்து, விரித்து, கேக்குக்குப் பிடித்தாள். எவரும் அதைப் பார்க்கவில்லை. ரோலண்டின் காகிதத்தில் மை கரைந்து ஓடியது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து தொடர்ந்தார். நீலப் போர்வை கறுநீலமாகிக்கொண்டிருந்தது.

"ரோலண்ட்" என்றது கெட்டில் பக்கம்.

"ஒரு நிமிஷம் கண்ணே. ...தலைமுறைகளின் கைரேகை..."

"ரோலண்ட், கூரை ஒழுகுது."

அறை அப்படியே நின்றுவிட்டது. இந்த முட்டுச்சந்தில் நான் பத்தொன்பது வருடம் இருக்கிறேன். ஒரு தீ விபத்து பார்த்திருக்கிறேன், இரண்டு விவாகரத்து, நான்காம் எண் வீட்டுக்காரர் குளியல் உடையில் போலீஸோடு போனது. இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. எழுவாய், பயனிலை, நடுவில் 'கொஞ்சம்'கூட இல்லை. ட்ரெவரின் கையிலிருந்து சாண்ட்விச் விழுந்தது.

"உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் கில்லியன். "எனக்கு நோரீன் போட்டோ அனுப்பினா. கட்டில்ல படுத்துக்கிட்டே எனக்குத் தெரிஞ்சுது. லென், உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"நான் அன்னிக்கே கொஞ்சம் யோசிக்கலாம்னு..."

"மனுஷன் பேசற மாதிரி பேசு லென். ஒழுகுமா ஒழுகாதா?"

"ஒழுகும்" என்றேன். "முதல் நாளே தெரியும். அந்த ஓடு அந்த வாட்டத்துக்கு ஆகவே ஆகாது."

ரோலண்ட் காகிதத்தை மடித்தார். ஈரத்தில் அது மடியவில்லை, கையோடு பிய்ந்து வந்தது. முப்பது வருடம் சபையில் நின்று பேசியவரின் முகம் அப்படி வெளுத்ததை நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே" என்றார்.

"'வித்தியாசமா இருக்கு'ன்னேன் சார்" என்றான் ட்ரெவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் 'துணிச்சல்'னேன்" என்றாள் நோரீன்.

"நான் அந்த இல்லத்துக்குத்தான் போகணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள் கில்லியன். "அழுதுட்டு ஒரு முடிவுக்கு வந்துடறேன். வியாழக்கிழமை வண்டியில ஏறின பிறகு எனக்குச் சொல்லாதீங்க."

பிறகு நோரீன் குடையை மடக்கினாள். கேக்கை அதன் விதிக்கு விட்டுவிட்டு, "லென், உன் கிடங்குல இதுக்கு ஓடு இருக்கா இல்லையா?" என்றாள்.

இருந்தது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பெரிய ஓடுகள், ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் பூட்டிக்கொள்கிற வகை. வாட்டம் பத்து டிகிரிக்கு இறங்கினாலும் தாங்கும். சாம்பல் நிறம், மரபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருநூற்றுப் பத்து போதும்.

திங்கள் காலை ரோலண்டின் ஆயிரத்து இருநூறு ஓடுகளையும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு இறக்கினோம். ஆணி இல்லாததால் வேலை சுலபம். மதியத்துக்குள் சட்டம் வரை பிரித்தாயிற்று. புது விரிப்பை மழைநீர்க் குழாய்க்குள் தொங்கவிட்டு, மேலே ரீப்பர் அடித்தோம். செவ்வாயன்று வலது கீழ் மூலையிலிருந்து ஓடு ஏற ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் முந்தையதன் பள்ளத்தில் சொடக்கென்று உட்கார வேண்டும், உட்கார்ந்ததும் தலையில் ஆணி, பக்கத்தில் கவ்வி. தாழ்ந்த கூரையில் காற்று அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும், ஒன்றைக்கூடச் சும்மா விடக்கூடாது.

கில்லியனின் வாக்கியம் ஏதோ மடையைத் திறந்துவிட்டது போலிருந்தது. பத்தொன்பது வருடம் வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் கூரைமேல் வந்தது.

"ட்ரெவர், அது கோணல். கண்ணு தெரியலையா?"

"உன் பஸ் நிக்கிற லட்சணத்தைவிட நேராத்தான் இருக்கு."

"லென், உன் வீட்டுத் திரைச்சீலை அசிங்கம். ஒன்பது வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

"நீ சுட்டுக் குடுக்கிற பன்றிக்கறி அப்பம் சாப்பிடற மாதிரி இல்ல நோரீன். என் நாய்க்குத்தான் போடறேன்."

"தெரியும். உன் நாயே வந்து சொல்லிச்சு."

ரோலண்ட் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்தார். செவ்வாய் மதியம் ஒரு ஓட்டைத் தலைகீழாக நீட்டினார். ட்ரெவர் அதை வாங்கி, திருப்பி, வெகுநேரம் பார்த்தான்.

"சார், முயற்சி செய்யறீங்க."

ரோலண்ட் மெதுவாகச் சிரித்தார். பிறகு ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு தாங்க முடியாமல் சிரித்தார். "உங்க அப்பா என்னை வந்து அடிச்சிருக்கணும் ட்ரெவர்" என்றார். நேராகப் பேசுவது எவ்வளவு நல்ல பழக்கம், இதை ஏன் நாங்கள் இத்தனை வருடம் செய்யவில்லை என்று அன்று மாலை வேலியோரம் நிஜமாகவே பேசிக்கொண்டோம்.

புதன்கிழமை நான் சுவரில் பள்ளம் வெட்டி ஈயத்தகட்டைச் செருகி ஓட்டின்மேல் தட்டிப் படியவைத்தேன். நோரீன் தோட்டக் குழாயைத் திருப்பி அரை மணி நேரம் கூரைமேல் பீய்ச்சினாள். உள்ளே ரோலண்ட் காகிதக் கைக்குட்டைகளைத் தரை முழுக்கப் பரப்பி, முழங்காலில் தவழ்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தன. அந்த மனிதர் எழுந்திருக்கும்போது கண் கலங்கியிருந்தது. எங்கள் எல்லாருக்கும்தான்.

நீலப் போர்வையைத் துவைத்துக் காயவைத்து விரித்தோம். வெளியேறினோம். ட்ரெவர் ஒரு பக்கமாகத் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்து, கதவில் பாதி வந்ததும் நின்றான். கதவின் இந்தப் பக்கத்தைப் பார்த்தான், அந்தப் பக்கத்தைப் பார்த்தான். பின்னால் நின்ற நோரீன் அவன் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு அவளும் பார்த்தாள். நான் இருவரையும் பார்த்தேன். அளவு நாடா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"என்ன?" என்றார் ரோலண்ட். நான்கு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. "கதவைப் பார்க்கறீங்களா? கில்லியன் இன்னும் இதை நேர்ல பார்க்கல."

வெளியே மறுபடி தூறல். புது ஓடுகளில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்பத் துணிச்சலான கதவு" என்றாள் நோரீன்.

"வித்தியாசமா இருக்கு சார்" என்றான் ட்ரெவர்.

நான் தொண்டையைச் செருமினேன். "நானா இருந்தா..." என்று ஆரம்பித்தேன். ரோலண்ட் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "...இரும்புப் பூவுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடுவேன்" என்று முடித்தேன்.

வியாழன் காலை பதினொன்றரைக்கு மருத்துவமனை வண்டி வந்தது. நல்ல மழை. முட்டுச்சந்து முழுக்க வாசலில் நின்று கைதட்டியது. சக்கர நாற்காலியில் கில்லியன், மடியில் பூங்கொத்து, முன்வாசல் தாண்டி, கூடம் தாண்டி, சமையலறை தாண்டி வந்தாள். தள்ளிக்கொண்டு வந்தவர் ரோலண்ட். அறைக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

நாற்காலியின் அகலம் அறுபத்தாறு சென்டிமீட்டர், கதவின் அகலம் ஐம்பத்தெட்டு.